பயன்படுத்தப்பட்ட தானுந்து ரேடியேட்டர்

பயன்படுத்தப்பட்ட தானுந்து ரேடியேட்டர் என்பது ஒரு தானுந்திலிருந்து கழற்றப்பட்டு, பழுதான ரேடியேட்டருக்கு மாற்றாக வேறொரு தானுந்தில் பொருத்தப்படும் வெப்பப் பரிமாற்றி ஆகும். உற்பத்தி நின்றுபோன வண்டிகளுக்கும், புதிய உறுப்பு எளிதில் கிடைக்காத வண்டிகளுக்கும் இதுவே பல நேரங்களில் கைக்கெட்டும் வழியாக உள்ளது.

இத்தகைய ரேடியேட்டரைத் தேடும்போது இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். அது வண்டிக்குப் பொருந்துமா என்பது முதலாவது. அது இன்னும் பயன்படும் நிலையில் உள்ளதா என்பது இரண்டாவது. இடத்தில் அமர்ந்து திருகாணிகள் பூட்டப்பட்டுவிட்டன என்பதால் மட்டும் ஒரு ரேடியேட்டர் பொருந்திவிட்டதாகக் கொள்ள இயலாது. அளவு, இணைப்பு, அழுத்தம், வெப்பம் அகற்றும் திறன் ஆகிய நான்கும் ஒத்துவர வேண்டும். முதல் இரண்டில் உள்ள தவறு பட்டறையிலேயே தெரிந்துவிடும். பின் இரண்டில் உள்ள தவறு பல வாரங்கள் கழித்து, பொறி கடுமையாக உழைக்கும் நாளில்தான் வெளிப்படும்.

ரேடியேட்டரின் பணி

உள் எரி பொறியில் (எஞ்சினில்) எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே பயனுள்ள வேலையாக மாறுகிறது. ஏறத்தாழ அதே அளவு ஆற்றல் சூடான புகையுடன் வெளியேறுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி பொறியின் உலோகத்தைச் சூடேற்றுகிறது. இந்த வெப்பத்தைப் பொறிக்குள் ஓடும் குளிர்விப்பு நீர்மம் (கூலன்ட்) எடுத்துச் சென்று ரேடியேட்டரில் காற்றுக்கு விடுகிறது. கூலன்ட்டைச் சுழலச் செய்வது தண்ணீர் பம்ப் ஆகும். பொறி போதுமான சூட்டை அடையும்வரை கூலன்ட் ரேடியேட்டருக்குச் செல்லாமல் தடுப்பது தெர்மோஸ்டாட் என்னும் அடைப்பிதழ் ஆகும். பல வண்டிகளில் இது 82 முதல் 88 °செ வரையான வெப்பநிலையில் திறக்கத் தொடங்கும்.

அகற்றப்படும் வெப்பத்தின் அளவை எளிய கணக்கால் அறியலாம். ஒரு நொடிக்கு 1 கிலோகிராம் தண்ணீர் ரேடியேட்டர் வழியே பாய்ந்து, அதன் வெப்பநிலை 6 °செ குறைவதாகக் கொள்வோம். தண்ணீரின் தன்வெப்பம் கிலோகிராமுக்கு ஏறத்தாழ 4.2 கிலோஜூல் ஆகும். எனவே அகற்றப்படும் வெப்பம் 1 × 4.2 × 6, அதாவது ஏறத்தாழ 25 கிலோவாட் ஆகும். வீட்டில் பயன்படும் 1 கிலோவாட் மின்னடுப்புகள் 25 ஒரே நேரத்தில் எரிவதற்கு இது சமம்.

இவ்வளவு வெப்பம் அகற்றப்படாமல் தேங்கினால் சில நிமிடங்களிலேயே கேடு தொடங்கும். அலுமினியத்தால் ஆன சிலிண்டர் தலை நெளிந்துவிடும். தலைக்கும் பொறியின் உடற்பகுதிக்கும் இடையே உள்ள கேஸ்கெட் கெட்டுப்போகும். கூலன்ட் எண்ணெயுடன் கலக்கும். முற்றிய நிலையில் பிஸ்டன்கள் சிலிண்டரில் சிக்கிக்கொள்ளும். ரேடியேட்டரில் மிச்சப்படுத்திய தொகையைப் போலப் பன்மடங்கு செலவை இது உண்டாக்கும். வாடகை வண்டி ஓட்டுநருக்கு அத்துடன் பல நாள் வருமானமும் இழப்பாகும்.

சுருக்கமான வரலாறு

1886இல் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மூன்று சக்கர வண்டியில் தண்ணீர் கொதித்து ஆவியாவதன் மூலமே பொறி குளிர்விக்கப்பட்டது. தண்ணீரை அடிக்கடி ஊற்ற வேண்டியிருந்தது. 1900இல் உருவான மெர்சிடிஸ் 35 குதிரைத்திறன் வண்டிக்காக வில்லெல்ம் மேபாக் தேன்கூடு வடிவ ரேடியேட்டரை அமைத்தார். அதில் 6 மி.மீ. சதுர வாய் கொண்ட 8,070 சிறு குழாய்கள் இருந்தன. குழாய்களின் வழியே காற்றும், அவற்றின் இடைவெளிகளில் தண்ணீரும் சென்றன. சிறிய இடத்தில் பெரிய பரப்பு என்னும் இக்கருத்தே இன்றைய ரேடியேட்டர்களுக்கும் அடிப்படை.

நெடுங்காலம் ரேடியேட்டர்கள் செம்பு, பித்தளை ஆகியவற்றால் செய்யப்பட்டு ஈயப் பற்றால் இணைக்கப்பட்டன. 1970களுக்குப் பின் அலுமினிய வலைப்பகுதியும் நைலான் தொட்டிகளும் கொண்ட ரேடியேட்டர்கள் பரவின. இம்மாற்றம் பழைய ரேடியேட்டர் தேடுவோருக்கு முதன்மையானது. பித்தளை ரேடியேட்டரைப் பட்டறையில் பிரித்துப் பழுதுபார்க்கலாம். நைலான் தொட்டியில் விரிசல் கண்டால் நிலையான பழுதுபார்ப்பு அரிது.

பொருத்தத்தின் கூறுகள்

அளவும் தாங்கிகளும்

ரேடியேட்டரின் நடுவே உள்ள குழாய்களும் மெல்லிய செதில்களும் அடங்கிய பகுதி வலைப்பகுதி (கோர்) எனப்படும். இதன் உயரம், அகலம், தடிமன் ஆகிய மூன்றையும் அளக்க வேண்டும். தடிமனைப் பலர் கவனிப்பதில்லை. சில மி.மீ. கூடினாலும் பின்புறம் உள்ள விசிறி உராயலாம், அல்லது முன்புறம் உள்ள ஏசி கண்டென்சருடன் இடிக்கலாம். விசிறி, விசிறியைச் சுற்றியுள்ள காற்றுக்கூடு, கண்டென்சர் ஆகியவை பல வண்டிகளில் ரேடியேட்டரிலேயே பூட்டப்படுகின்றன. ஆகவே அவற்றுக்கான துளைகளும் கொக்கிகளும் உரிய இடத்தில் இருக்க வேண்டும். காற்றுக்கூடு பொருந்தாமல் கழற்றி எறியப்பட்டால், விசிறி வலைப்பகுதி முழுவதிலிருந்தும் காற்றை இழுக்காது. வண்டி நிற்கும்போது சூடேறுவதற்கு இது ஒரு காரணம்.

வாய்களும் குழாய்களும்

கூலன்ட் மேலிருந்து கீழாகப் பாயும் ரேடியேட்டர்களும், ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பாயும் ரேடியேட்டர்களும் உள்ளன. முதல் வகையில் தொட்டிகள் மேலும் கீழும் இருக்கும். இரண்டாம் வகையில் இடமும் வலமும் இருக்கும். நுழைவாய், வெளிவாய் ஆகியவற்றின் பக்கம், உயரம், கோணம், வெளிவிட்டம் நான்கும் ஒத்திருக்க வேண்டும். 32 மி.மீ. வாயில் 38 மி.மீ. ரப்பர் குழாயை மாட்டி வளையத்தால் இறுக்கினால் முதலில் கசியாதது போலத் தோன்றும். சூடும் அழுத்தமும் ஏறியபின் குழாய் கழன்றுவிடும்.

பின்வரும் சிறு இணைப்புகளும் சரிபார்க்கத்தக்கவை:

• மின்விசிறியை இயக்கும் வெப்ப உணரிக்கான மரைத்துளை. சில வண்டிகளில் இது ரேடியேட்டரில் இருக்கும், சிலவற்றில் பொறியில் இருக்கும். துளை இல்லாத ரேடியேட்டரைப் பொருத்தி உணரியைத் தொங்கவிட்டால் விசிறி உரிய நேரத்தில் சுழலாது.
• விரிவுத் தொட்டிக்குச் செல்லும் சிறு குழாய்.
• கூலன்ட்டை வடிக்கும் திருகு.
• காற்று வெளியேற்றும் திருகு.

அழுத்த மூடி

குளிர்விப்பு அமைப்பு மூடிய அழுத்தக் கலன் போன்றது. அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். கடல்மட்டத்தில் 100 °செ அளவில் கொதிக்கும் தண்ணீர், 0.9 பார் மூடியின் கீழ் ஏறத்தாழ 119 °செ அளவிலும், 1.1 பார் மூடியின் கீழ் ஏறத்தாழ 122 °செ அளவிலும் கொதிக்கும். உதகமண்டலம் கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே உள்ளது. அவ்வுயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறத்தாழ 92 °செ அளவிலேயே கொதித்துவிடும். மலையேறும் வண்டிக்கு மூடியின் வில் சரியாக இருப்பது எவ்வளவு தேவை என்பதை இது காட்டுகிறது.

பழைய ரேடியேட்டருடன் வரும் மூடியை அப்படியே பயன்படுத்தலாகாது. வண்டிக்குரிய அழுத்தம் பொறிக்கப்பட்ட புதிய மூடியை இடுவதே முறை. மூடி அமரும் கழுத்தின் ஆழமும் வகைக்கு வகை மாறும். ஆழமான கழுத்தில் குட்டையான மூடியை இட்டால் அது அடைப்பதே இல்லை. குறைந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்ட ரேடியேட்டரில் உயர் அழுத்த மூடியை இட்டால் தொட்டியோ குழாயோ பிளந்துபோகலாம். சில வண்டிகளில் மூடி ரேடியேட்டரில் இல்லாமல் விரிவுத் தொட்டியில் இருக்கும். இவ்விரு அமைப்புகளையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்த இயலாது.

வெப்பம் அகற்றும் திறன்

ஒரே அளவுள்ள இரண்டு ரேடியேட்டர்களின் திறன் வெவ்வேறாக இருக்கலாம். குழாய் வரிசைகளின் எண்ணிக்கை, ஓர் அங்குலத்துக்குள் உள்ள செதில்களின் எண்ணிக்கை, வலைப்பகுதியின் தடிமன் ஆகியவை திறனைத் தீர்மானிக்கின்றன. ஏசி உள்ள வண்டிக்கும், டீசல் பொறி உள்ள வண்டிக்கும், தானியங்கி கியர்பெட்டி உள்ள வண்டிக்கும் உற்பத்தியாளர்கள் தனித்தனி ரேடியேட்டர்களைத் தருவது இதனால்தான். ஏசியின் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நின்று, வரும் காற்றை முன்கூட்டியே சூடாக்கிவிடுகிறது.

திறன் தேவைக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் தீங்கில்லை. மிகுதியான குளிர்ச்சியைத் தெர்மோஸ்டாட் கட்டுப்படுத்திவிடும். திறன் குறைந்தால்தான் இடர். காலை நேரத்தில் நகருக்குள் செய்யப்படும் சோதனை ஓட்டத்தில் பொறி தன் முழுத் திறனில் ஒரு சிறு பகுதியையே வெளிப்படுத்துகிறது. அப்போது சிறிய ரேடியேட்டரும் போதுமானதாக இருக்கும். கத்திரி வெயிலில், ஏசி இயங்க, ஐவர் அமர்ந்து, மலைப்பாதையில் இரண்டாம் கியரில் ஏறும்போது குறை வெளிப்படும். ஆகவே ஐயம் ஏற்படும்போது திறன் கூடிய வகையைத் தேர்வதே பாதுகாப்பானது.

தானியங்கி கியர்பெட்டி

தானியங்கி கியர்பெட்டி உள்ள பல வண்டிகளில், ரேடியேட்டரின் ஒரு தொட்டிக்குள் கியர்பெட்டி எண்ணெய்க்கான குளிர்விப்பான் அமைந்திருக்கும். அதற்கு இரண்டு உலோக இணைப்புகள் தொட்டியின் வெளியே தெரியும். இத்தகைய ரேடியேட்டரைக் கைமுறைக் கியர் வண்டியில், பிற அளவுகள் ஒத்திருந்தால், இணைப்புகளை மூடிவிட்டுப் பயன்படுத்தலாம். கைமுறைக் கியர் வண்டியின் ரேடியேட்டரைத் தானியங்கி வண்டியில் அப்படியே பயன்படுத்த இயலாது. எண்ணெய்க்குத் தனிக் குளிர்விப்பான் தேவைப்படும்.

ஒரே பெயர், வேறு உறுப்பு

வண்டியின் பெயரை மட்டும் கொண்டு ரேடியேட்டரைத் தேடுவது தவறாக முடியலாம். இதற்கு அம்பாசிடர் தக்க எடுத்துக்காட்டு. 1950களின் இறுதி முதல் 2014 வரை மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் இவ்வண்டி உற்பத்தியானது. அதன் உடல் அமைப்பு பெரிதாக மாறவில்லை. ஆனால் அதற்குள் 1.5 லிட்டர் பெட்ரோல் பொறி, 1.5 லிட்டர் டீசல் பொறி, இசுசு நிறுவன வடிவமைப்பிலான 1.8 லிட்டர் பெட்ரோல் பொறி, 2.0 லிட்டர் டீசல் பொறி எனப் பல பொறிகள் வெவ்வேறு காலங்களில் வந்தன. வெளித்தோற்றத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு வண்டிகளின் வெப்பத் தேவையும் குழாய் இணைப்புகளும் ஒன்றல்ல. மேலும், பழைய வண்டிகளில் உரிமையாளர்கள் பொறியையே மாற்றியிருப்பதும் உண்டு. எனவே எந்த ஆண்டு வண்டி என்பதுடன், இப்போது அதில் உள்ளது எந்தப் பொறி என்பதையும் அறிந்தே தேட வேண்டும்.

வேறு பெயர், நெருங்கிய உறவு

இதன் மறுபக்கமும் உண்டு. ஒரே வண்டி இரு நிறுவனங்களின் பெயர்களில் விற்கப்படும்போது தேடும் பரப்பு விரிவடைகிறது. சென்னைக்கு அருகே ஒரகடத்தில் 2010இல் திறக்கப்பட்ட ரெனோ-நிசான் ஆலையில் நிசான் மைக்ரா, ரெனோ பல்ஸ் ஆகிய இரண்டும் ஒரே அடித்தளத்தில் உருவாயின. அவ்வாறே நிசான் சன்னியும் ரெனோ ஸ்காலாவும், ரெனோ டஸ்டரும் நிசான் டெரானோவும் உடன்பிறப்புகள். மாருதி சுசுகி பலேனோவும் 2019இல் வெளியான டொயோட்டா கிளான்சாவும் இத்தகையவை. வட அமெரிக்காவில் டொயோட்டா மேட்ரிக்ஸ், பான்டியாக் வைப் ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள்.

ஒன்றுக்குரிய ரேடியேட்டர் கிடைக்காதபோது மற்றதில் தேடலாம். ஆயினும் உறவு என்பது தேடத் தொடங்குவதற்கான தடயம் மட்டுமே. பொறியும் கியர்பெட்டியும் ஆண்டும் ஒன்றாக உள்ளனவா என்பதை உறுப்பு எண்ணைக் கொண்டு உறுதிசெய்ய வேண்டும்.

பொருத்தத்தை அறியும் வழிகள்

உறுப்பு எண்

ஒவ்வொரு உற்பத்தியாளரும் உறுப்புகளுக்கு எண் இடுகின்றனர். சப்பானிய நிறுவனங்களின் எண்களில் முதல் ஐந்து இலக்கங்கள் உறுப்பின் வகையைக் குறிக்கும். ரேடியேட்டருக்கு டொயோட்டா 16400 எனவும், ஹோண்டா 19010 எனவும், நிசான் 21460 எனவும், சுசுகி 17700 எனவும் தொடங்கும் எண்களைப் பயன்படுத்துகின்றன. அதன் பின்வரும் இலக்கங்களே எந்த வண்டிக்கு, எந்தப் பொறிக்கு என்பதைக் காட்டுகின்றன. முதல் ஐந்து இலக்கங்கள் ஒத்திருந்தால் இரண்டும் ரேடியேட்டர்கள் என்பதற்கு மேல் எதுவும் உறுதியாகாது. எண் முழுவதும் ஒத்திருந்தால் பொருத்தம் ஏறக்குறைய உறுதி. சில நேரங்களில் நிறுவனம் பழைய எண்ணை நீக்கிப் புதிய எண்ணைத் தரும். அவ்வாறாயின் புதிய எண்ணுக்குரிய உறுப்பும் பழைய வண்டிக்குப் பொருந்தும்.

சேசிஸ் எண்

1980களின் தொடக்கத்துக்குப் பின் வந்த பெரும்பாலான தானுந்துகளுக்கு 17 குறிகள் கொண்ட அடையாள எண் உண்டு. இந்தியாவில் இது சேசிஸ் எண் என்னும் பெயரில் பதிவுச் சான்றிதழில் காணப்படும். முகவரிடம் இவ்வெண்ணைத் தந்தால் வண்டி ஆலையிலிருந்து வெளிவந்தபோது இருந்த ரேடியேட்டரின் உறுப்பு எண்ணை அறியலாம். அந்த எண்ணுடன் பழைய உதிரிப்பாகக் கடைக்குச் செல்வது நேரத்தை மிச்சப்படுத்தும்.

பரிமாற்றப் பட்டியல்

எந்த வண்டியின் உறுப்பு எந்த வண்டிக்குப் பொருந்தும் எனத் தொகுத்துக் காட்டும் நூல்களும் தரவுத்தளங்களும் உள்ளன. ஐக்கிய அமெரிக்காவில் 1930களில் தோன்றிய ஹாலண்டர் இன்டர்சேஞ்ச் இவற்றுள் புகழ்பெற்றது. இதில் ஒன்றுக்கொன்று மாற்றத்தக்க உறுப்புகள் அனைத்துக்கும் ஒரே பரிமாற்ற எண் தரப்படுகிறது. அந்நாட்டில் வண்டி உடைக்கும் நிலையங்கள் தம் இருப்பை இவ்வெண்களின்படி கணினியில் பதிந்து வைப்பது வழக்கம். வாங்குபவர் தம் வண்டியின் விவரத்தைக் கூறினால், பொருந்தும் பிற வண்டிகளின் உறுப்புகளும் தேடலில் கிடைக்கும்.

நேரில் ஒப்பிடல்

பட்டியல் இல்லாத இடத்தில் பழுதான ரேடியேட்டரைக் கழற்றிக் கையோடு எடுத்துச் செல்வதே சிறந்த வழி. இரண்டையும் அருகருகே நிறுத்தி மேற்கூறிய கூறுகளை ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். வண்டியில் ஏற்கெனவே தவறான ரேடியேட்டர் இருந்திருக்கவும் கூடும். அவ்வண்டி முன்பே அடிக்கடி சூடேறியிருந்தால் பழையதை அளவுகோலாகக் கொள்ளாமல் உறுப்பு எண்ணை நாடுவது நல்லது.

கிடைக்கும் இடங்கள்

பழைய வண்டிகளைப் பிரித்து உறுப்புகளை விற்கும் கடைகள் பேச்சு வழக்கில் காயலான் கடை எனப்படுகின்றன. சென்னையில் எழும்பூரை அடுத்த புதுப்பேட்டை இத்தொழிலுக்குப் பெயர்பெற்றது. கோவையில் உக்கடம், தில்லியில் மாயாபுரி, கொல்கத்தாவில் மல்லிக் பஜார் ஆகியவையும் இத்தகைய சந்தைகள். இலங்கையில் கொழும்பின் பஞ்சிகாவத்தை வண்டி உதிரிப்பாகங்களுக்குப் பெயர்பெற்ற இடம். இந்தியாவில் வண்டி உடைப்பு நிலையங்களைப் பதிவுசெய்வதற்கான விதிகள் 2021இல் அறிவிக்கப்பட்டன.

செம்பும் பித்தளையும் எடைக்கு விலைபோகும் உலோகங்கள். உலோக விலை ஏறும்போது, நல்ல நிலையில் உள்ள பித்தளை ரேடியேட்டரையும் உருக்குவதற்கு விற்பது கடைக்காரருக்கு எளிதாகிறது. உற்பத்தி நின்ற வண்டிகளுக்கு இவை அரிதாவதற்கு இதுவும் காரணம்.

வாங்கும்போது எந்த வண்டியிலிருந்து கழற்றப்பட்டது என்பதைக் குறித்த ரசீதைப் பெறுவது நல்லது. அது திருட்டுப் பொருள் அல்ல என்பதற்குச் சான்றாகவும், பொருந்தாவிட்டால் திருப்பித் தருவதற்கும் உதவும்.

நிலையைச் சோதித்தல்

எந்த விபத்தில் சிக்கிய வண்டி என்பதை முதலில் கேட்க வேண்டும். ரேடியேட்டர் வண்டியின் முகப்பில் உள்ளது. முன்புறம் மோதிய வண்டியின் ரேடியேட்டர் வெளியே நேராகத் தெரிந்தாலும், உள்ளே குழாய் இணைப்புகள் தளர்ந்திருக்கலாம். பின்புறம் மோதப்பட்டதால் உடைக்கப்படும் வண்டியே சிறந்த மூலம். பொறி சூடேறிக் கெட்டதால் உடைக்கப்பட்ட வண்டியின் ரேடியேட்டரைத் தவிர்க்க வேண்டும். பொறி கெட்டதற்கு அதுவே காரணமாக இருந்திருக்கலாம்.

கண்ணால் காணத்தக்கவை:

• நைலான் தொட்டியின் நிறம் வெளிறி, விளிம்புகளில் மயிரிழை விரிசல் இருந்தால் அது முதுமையின் அடையாளம். பல தொட்டிகளில் வார்ப்பு நாளைக் காட்டும் வட்ட முத்திரை இருக்கும். அதைக் கொண்டு வயதை அறியலாம்.
• செதில்களை விரலால் மெல்லத் தொட்டால் பொடியாக உதிரக் கூடாது. ஈரமும் சேறும் சேரும் கீழ்ப்பகுதியிலேயே அரிப்பு முதலில் தோன்றும்.
• வாயினுள் விளக்கொளி பாய்ச்சிப் பார்க்க வேண்டும். வெண்படிவு இருந்தால் உப்புநீர் பயன்படுத்தப்பட்டிருக்கும். துருச்சேறு இருந்தால் வெறுந்தண்ணீர் ஓடியிருக்கும். எண்ணெய்ப் படலம் இருந்தால் அந்த வண்டியின் கேஸ்கெட் போயிருக்கும்.
• கசிவை அடைக்கும் மருந்தின் எச்சம் பழுப்பு நிறக் குழம்பாகப் படிந்திருக்கும். அது குழாய்களையும் சேர்த்தே அடைத்துவிடும்.
• பித்தளை ரேடியேட்டரில் கசியும் குழாய்களை ஈயப் பற்றால் நிரந்தரமாக அடைத்துவிடுவதும் உண்டு. கசிவு நிற்கும், ஆனால் அடைக்கப்பட்ட ஒவ்வொரு குழாயும் திறனைக் குறைக்கும்.

கசிவை அறிய வாய்களை அடைத்து, ரேடியேட்டரை நீர்த்தொட்டியில் மூழ்கவைத்து, அதன் மூடியில் குறிக்கப்பட்ட அளவு காற்றழுத்தம் தர வேண்டும். குமிழிகள் எழும் இடம் கசியும் இடம். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவி இன்றிக் கம்ப்ரெசரை நேரடியாக இணைத்தால் தொட்டி வெடிக்கக்கூடும். அடைப்பை அறிய மேல்வாயில் தண்ணீரை வேகமாக ஊற்றிப் பார்க்கலாம். ஊற்றும் வேகத்துக்கு ஏற்பக் கீழே வெளியேறாமல் தேங்கினால் குழாய்களில் அடைப்பு உள்ளது.

பொருந்தியும் ஏற்கத்தகாதவை

முழுமையாகப் பொருந்தும் உறுப்பும் தன் வடிவமைப்புக் குறையை உடன்கொண்டு வரலாம். 2005 முதல் 2010 வரையான மாதிரி ஆண்டுகளைச் சேர்ந்த நிசான் பாத்ஃபைண்டர், எக்ஸ்டெரா, ஃபிரான்டியர் ஆகிய வண்டிகள் இதற்குச் சான்று. இவற்றுள் தானியங்கி கியர்பெட்டி கொண்ட சில வண்டிகளில், ரேடியேட்டருக்குள் இருந்த எண்ணெய்க் குளிர்விப்பானில் விரிசல் ஏற்பட்டது. கூலன்ட் கியர்பெட்டி எண்ணெயுடன் கலந்து கியர்பெட்டி பழுதானது. ஐக்கிய அமெரிக்காவில் உரிமையாளர்கள் குழு வழக்குத் தொடுத்தனர். நிறுவனம் ரேடியேட்டருக்கான உத்தரவாதத்தை 8 ஆண்டு அல்லது 80,000 மைல் என நீட்டித்தது.

இவ்வண்டிகளுக்கு அதே ஆண்டுகளின் பழைய ரேடியேட்டர் உறுப்பு எண் வரை ஒத்துப்போகலாம். ஆனால் அதன் வழியாக அதே குறையும் வண்டிக்குள் வரக்கூடும். ஆகவே எண்ணை ஒப்பிடுவதுடன், அந்த உறுப்புக்கு அறியப்பட்ட குறை உண்டா எனவும் விசாரிப்பது தேவை. குறை உள்ள வகையாயின் புதிய உறுப்பையோ, எண்ணெய்க்குத் தனிக் குளிர்விப்பானையோ நாடுவதே தக்கது.

பொருத்திய பின்

பொருத்தும்போது பழைய ரப்பர் குழாய்கள், வளையங்கள், அழுத்த மூடி ஆகியவற்றைப் புதிதாக மாற்றுவது வழக்கம். தெர்மோஸ்டாட்டையும் அப்போதே சோதிக்கலாம். உற்பத்தியாளர் குறிப்பிட்ட வகைக் கூலன்ட்டையே இட வேண்டும். எத்திலீன் கிளைக்கால் அடிப்படையிலான கூலன்ட்டுகள் பெரும்பாலும் தண்ணீருடன் சமபங்கு கலக்கப்படும். கலப்பதற்குக் காய்ச்சி வடித்த நீர் ஏற்றது. வெவ்வேறு வகைக் கூலன்ட்டுகளைக் கலக்கக் கூடாது.

அமைப்புக்குள் காற்றுக்குமிழ் தங்கினால் அவ்விடத்தில் உலோகம் குளிர்வதில்லை. எனவே காற்று வெளியேற்றும் திருகைத் திறந்து, கூலன்ட்டை மெல்ல நிரப்ப வேண்டும். பொறியை இயக்கித் தெர்மோஸ்டாட் திறந்தபின் கீழ்க்குழாய் சூடாகிறதா, மின்விசிறி தானே சுழன்று தானே நிற்கிறதா எனக் கவனிக்க வேண்டும். பொறி முழுவதும் ஆறியபின் அளவை மீண்டும் பார்க்க வேண்டும்.

முதல் சில நாட்கள் வெப்பநிலைமானியை மட்டும் நம்பியிருப்பது போதாது. அதன் உணரி கூலன்ட்டில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். கூலன்ட் முழுவதும் வெளியேறிவிட்டால் உணரி காற்றில் நிற்கும். அப்போது பொறி கொதித்துக்கொண்டிருந்தாலும் முள் கீழே இறங்கிக் காட்டக்கூடும். ஆகவே நாள்தோறும் காலையில் விரிவுத் தொட்டியின் அளவைப் பார்ப்பது நம்பத்தக்க சோதனை ஆகும்.

மாற்று வழிகள்

பொருந்தும் பழைய ரேடியேட்டர் கிடைக்காதபோது, பித்தளை வகையாயின் பழைய தொட்டிகளை வைத்துக்கொண்டு வலைப்பகுதியை மட்டும் புதிதாக இடலாம். இது ரேடியேட்டர் பட்டறைகளில் கோர் மாற்றுதல் எனப்படும். இதில் தாங்கிகளும் வாய்களும் மாறாததால் பொருத்தச் சிக்கல் எழுவதில்லை. பரவலாக ஓடும் வண்டிகளுக்கு, பிற நிறுவனங்கள் செய்யும் புதிய அலுமினிய ரேடியேட்டர்கள் கிடைக்கின்றன. அவற்றுக்கும் பழையதற்கும் உள்ள விலை வேறுபாடு சிறிதாயின் புதியதை வாங்குவதே பொருத்தமானது. பழையதன் எஞ்சிய ஆயுளை எந்தச் சோதனையாலும் துல்லியமாக அளக்க இயலாது.

பாதுகாப்பும் சுற்றுச்சூழலும்

சூடான நிலையில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது. அழுத்தம் திடீரெனக் குறைவதால் 100 °செ அளவுக்கு மேல் சூடான நீர்மம் உடனே கொதித்துப் பீறிட்டு முகத்திலும் கைகளிலும் படும். மின்விசிறி பொறி நின்றபின்னும் தானே சுழலக்கூடும் என்பதால், வேலைக்கு முன் மின்கல இணைப்பை நீக்க வேண்டும்.

எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவை கொண்ட நஞ்சு. தரையில் தேங்கினால் நாய், பூனை முதலியவை நக்கி இறக்கக்கூடும். குழந்தைகளுக்கும் இது பேரிடர். வடித்த கூலன்ட்டை மூடியுள்ள கலனில் சேர்க்க வேண்டும். சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றலாகாது. பித்தளை ரேடியேட்டரின் ஈயப் பற்றை உருக்கும்போது எழும் புகையும் உடல்நலத்துக்குக் கேடானது. அவ்வேலையைக் காற்றோட்டமுள்ள பட்டறையில் செய்வதே முறை.